ஜப்பானில் படித்து ஜப்பானிய மொழி ஆசிரியராவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலத் துறையில் சேர்ந்து, அதோடு ஜப்பானியப் பண்பாட்டுப் பாடங்களையும் ஜப்பானிய மொழி ஆசிரியர் பயிற்சியையும் எடுத்துப் படித்தவள். ஊருக்கு வரும்போதெல்லாம் தம்பி தங்கைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

இது ஒரு டிகிரியா, மூணு டிகிரியா?

ஒரே டிகிரிதான். ஜப்பானில் நான்கு வருட இளங்கலைப் படிப்புக்குக் குறைந்தது 124 கிரெடிட் வேண்டும். அதில் பெரும்பகுதி நீங்கள் சேர்ந்த துறைக்குப் போகும். துறை ஆங்கிலமாக இருக்கலாம், சர்வதேசப் பண்பாடாக இருக்கலாம், ஜப்பானியவியலாகவும் இருக்கலாம். பண்பாட்டுப் பாடங்கள் அதற்குள்ளேயே வந்துவிடும். ஆசிரியர் பயிற்சி என்பது பல துறைகளில் சிதறிக் கிடக்கும் பாடங்களை ஒரு கட்டாக எடுத்து முடிப்பது. முடித்தால் தனியாக ஒரு சான்றிதழ் கிடைக்கும்.

இந்த அமைப்பு 1985-இல் அரசு தந்த வழிகாட்டுதலிலிருந்து வந்தது. அப்போது முதன்மைப் பாடமாக எடுத்தால் 45 கிரெடிட், துணைப் பாடமாக எடுத்தால் 26 கிரெடிட் என்று வகுத்தார்கள். 1983-இல் ஒரு லட்சம் வெளிநாட்டு மாணவர்களை வரவழைக்கத் திட்டம் போட்ட பிறகு, சொல்லித்தர ஆள் போதாது என்று தெரிந்ததுதான் காரணம். 2000-இல் அந்த வழிகாட்டுதலை மாற்றி, சமூகமும் பண்பாடும், மொழியும் சமூகமும், மொழியும் உளவியலும், மொழியும் கல்வியும், மொழி என ஐந்து பகுதிகளாகப் பிரித்தார்கள். இந்தப் பெயர்களைப் பார்த்தாலே தெரியும், இலக்கணம் மட்டும் படித்துவிட்டு வெளியே வர முடியாது.

ஜப்பான்காரங்களுக்குத்தான் அவங்க மொழி தெரியுமே. அவங்களும் ஏன் இந்தப் பயிற்சியை எடுக்கிறாங்க?

தெரிந்திருப்பது வேறு, சொல்லித்தருவது வேறு. தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். வா என்றால் வந்தேன், பார் என்றால் பார்த்தேன், செய் என்றால் செய்தேன். ஏன் ஓரிடத்தில் ‘ந்த்’, ஓரிடத்தில் ‘த்த்’ என்று ஒரு வெளிநாட்டுக்காரர் கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? ஜப்பானிய மாணவர்களும் முதல் வருடம் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். ‘ஷித்தே இமாஸ்’ என்றால் ‘எனக்குத் தெரியும்’ என்று பொருள். ‘தெரியாது’ என்ற எதிர்மறை மட்டும் ஏன் ‘ஷிரிமசென்’ என்று வேறு வடிவத்துக்குத் தாவுகிறது? என் வகுப்பில் ஆசிரியர் இதைக் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஜப்பானில் இதற்கு இரண்டு தனிச் சொற்களே இருக்கின்றன. ஜப்பானியக் குழந்தைகள் பள்ளியில் படிப்பது ‘கொக்குகோ’, அதாவது நாட்டு மொழி. வெளியாட்களுக்குக் கற்பிப்பது ‘நிஹோங்கோ’. இலக்கணப் பெயர்கள்கூட வேறு. பள்ளியில் ‘ஐந்து வரிசைத் திரிபு’ என்று படித்த வினைகளை நிஹோங்கோ வகுப்பில் ‘முதல் குழு வினை’ என்பார்கள். பள்ளியில் பெயரடையிலேயே சேராத ஒரு சொல்வகை இங்கே ‘நா பெயரடை’ ஆகிவிடும். சொந்த மொழியை அந்நியர் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பயிற்சி. மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

அப்போ நடுவுல இங்கிலீஷ் எதுக்கு? வகுப்பை இங்கிலீஷ்லயா எடுப்பாங்க?

இல்லை. ஜப்பானில் ஒரு மொழிப் பள்ளி வகுப்பறைக்குள் போனால் நேபாளம், வியட்நாம், சீனா, மியான்மர் என்று பல நாட்டு மாணவர்கள் இருப்பார்கள். எல்லோருக்கும் பொதுவான வேறு மொழி இருக்காது. அதனால் ஜப்பானிய மொழியைக் கொண்டே ஜப்பானிய மொழியைக் கற்பிக்கும் நேரடி முறைதான் அங்கே வழக்கம். படம், சைகை, ஏற்கெனவே கற்பித்த சொற்கள், இவைதான் கருவிகள்.

ஆங்கிலம் வேறு விதத்தில் உதவுகிறது. மனிதர் இரண்டாம் மொழியை எப்படிக் கற்கிறார் என்ற ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. கற்பவர் செய்யும் தவறுகளுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு, அது தாய்மொழிக்கும் இலக்கு மொழிக்கும் நடுவே நிற்கும் ஓர் ‘இடைமொழி’ என்று மொழியியலாளர் செலிங்கர் 1972-இல் எழுதியது இன்றும் முதல் வருடப் பாடம். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது இன்னொன்று. ஜப்பானிய மாணவர் ஆங்கிலத்தில் தடுமாறும்போதுதான், தன் எதிரே உட்காரப்போகும் மாணவரின் நிலைமை அவருக்குப் புரிகிறது. காலையில் ஆங்கில வகுப்பில் வார்த்தை வராமல் தவித்தவர், மதியம் பாடத்திட்டம் எழுதும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்வார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பண்பாடுன்னா டீ செரிமனி, கிமோனோ, அனிமே, அவ்வளவுதானா?

அவையும் உண்டு. தேநீர்க் கலை பற்றி ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா தென்ஷின் 1906-இல் எழுதிய புகழ்பெற்ற நூலை அவர் ஆங்கிலத்தில்தான் எழுதினார். தன் பண்பாட்டைப் பிறர் மொழியில் சொல்லும்போது எதை விடுகிறோம், எதைக் கூட்டிச் சொல்கிறோம் என்று ஆங்கிலத் துறையிலும் பண்பாட்டு வகுப்பிலும் இதைப் பற்றியே பேசுவோம்.

ஆனால் ஆசிரியருக்குத் தேவைப்படும் பண்பாடு அதைவிட அன்றாடமானது. வெளிநாட்டு மாணவர்களுக்கு ‘நிஹோன் ஜிஜோ’, அதாவது ஜப்பானிய நடப்பு, என்ற பாடத்தை 1962-லேயே பல்கலைக்கழகங்களில் அனுமதித்தார்கள். குப்பையை எந்தக் கிழமை எப்படிப் பிரித்துப் போடுவது, மேலதிகாரியிடம் ‘முடியாது’ என்பதை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அதில் வரும். ஜப்பான் ஒரே இனம், ஒரே பண்பாடு என்ற எண்ணமும் இங்கேதான் உடையும். ஐனு மக்களைப் பூர்வகுடிகள் என்று சட்டம் ஏற்றது 2019-இல். ஒகினாவாவின் மொழிகள், தலைமுறைகளாக அங்கே வாழும் கொரியர்கள், பிரேசிலிலிருந்து திரும்பி வந்த ஜப்பானிய வம்சாவளியினர் எல்லோரும் பாடத்தில் உண்டு.

எனக்கு மிகப் பிடித்த பகுதி ‘யசாஷீ நிஹோங்கோ’, எளிய ஜப்பானியம். 1995-இல் கோபே பகுதியில் பெரும் நிலநடுக்கம் வந்தபோது, எச்சரிக்கைகள் வெளிநாட்டவர் பலருக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் சொன்னாலும் எல்லோருக்கும் புரியாது, எல்லா மொழியிலும் சொல்ல நேரமும் இல்லை. அதன் பிறகு ஹிரோசாக்கி பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து வளர்த்தார்கள். ‘மேட்டு நிலத்துக்கு அப்புறப்படவும்’ என்பதை ‘உயரமான இடத்துக்கு ஓடுங்கள்’ என்று மாற்றுவது மாதிரி. ஒரு சொல்லை எளிதாக்கினால் உயிர் பிழைக்கும் என்றால், மொழி ஆசிரியர் வேலையை யாரும் சின்னதாக நினைக்க மாட்டார்கள்.

ஜப்பானிய மொழியை வலுக்கட்டாயமா திணிச்ச வரலாறும் இருக்கே. அதைச் சொல்லித்தருவாங்களா?

என் படிப்பில் சொல்லித்தந்தார்கள். 1895-இல் தைவான் ஜப்பான் வசமானதும் முதலில் தொடங்கியவற்றில் ஒன்று மொழிப் பள்ளி. அங்கே வேலை பார்த்த ஆசிரியர்கள் ஆறு பேர் 1896 புத்தாண்டு நாளில் எதிர்ப்பாளர்களால் கொல்லப்பட்டார்கள். 1910-இல் கொரியாவும் ஜப்பானின் கீழ் வந்தது. மேலே சொன்ன சொல் வேறுபாடு நினைவிருக்கிறதா? அந்தக் குழந்தைகளுக்கு அந்நிய மொழியான ஜப்பானியத்தை அங்கே ‘கொக்குகோ’, உன் நாட்டு மொழி என்று சொல்லியே கற்பித்தார்கள். இன்று பயன்படுத்தும் நேரடி முறையின் ஒரு பகுதி அந்த வகுப்பறைகளில் வளர்ந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆசிரியராகக் கூடாது என்றே நினைக்கிறேன்.

அக்கா, எனக்கு என்2 இருக்கு. டீச்சராக அது போதாதா?

என்2 என்பது ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் ஒரு நிலை, என்1 அதில் மிக உயர்ந்த நிலை. அந்தத் தேர்வு நீங்கள் எவ்வளவு புரிந்துகொள்கிறீர்கள் என்று பார்க்கிறது. அதில் என்1 வாங்கினாலும் அது ஆசிரியர் தகுதி ஆகாது. நம் ஊரில் என்2, என்1 வைத்துக்கொண்டு நன்றாகக் கற்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஜப்பானில் மொழிப் பள்ளியில் வேலை வேண்டும் என்றால் அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

புதுசா ஏதோ தேசியத் தகுதி வந்திருக்காமே? நாம எழுதலாமா?

எழுதலாம். வயது, நாடு, படிப்பு என்று எந்தத் தடையும் இல்லை. தேர்வு முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும், அவ்வளவுதான். தகுதியின் பெயர் ‘தோரோகு நிஹோங்கோ க்யோயின்’, பதிவு பெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர். 2023-இல் சட்டம் நிறைவேறி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதல் தேர்வு 2024 நவம்பர் 17 அன்று நடந்தது.

தேர்வு இரண்டு பகுதி. அடிப்படைத் தேர்வில் 120 நிமிடத்தில் 100 கேள்விகள். பயன்பாட்டுத் தேர்வில் ஒலிப்பதிவு கேட்டு 50 கேள்விகள், படித்து 60 கேள்விகள். இவற்றோடு செய்முறைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். பதிவு பெற்ற பயிற்சிப் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் முடித்திருந்தால் அடிப்படைத் தேர்வு எழுத வேண்டாம். இல்லாவிட்டால் இரண்டையும் எழுதி, செய்முறைப் பயிற்சியைத் தனியாக முடிக்க வேண்டும்.

அரசு அங்கீகாரம் பெற்ற மொழிக் கல்வி நிறுவனங்களில் கற்பிக்கத்தான் இந்தத் தகுதி கட்டாயம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு 2029 மார்ச் வரை மாறிக்கொள்ள அவகாசம் தந்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் கற்பிக்க இது தேவையில்லை, அங்கே முதுகலைப் பட்டத்தையும் ஆய்வையும் பார்ப்பார்கள். தனியாக டியூஷன் எடுப்பதற்கும் தேவையில்லை.

எந்த யுனிவர்சிட்டின்னு பேரைச் சொல்லுங்களேன்.

டோக்கியோ வெளிநாட்டு ஆய்வுகள் பல்கலைக்கழகத்தில் 2019-இல் ஜப்பானியவியலுக்கென்று தனிப் புலம் தொடங்கினார்கள். ஜப்பானிய மாணவர்களும் வெளிநாட்டு மாணவர்களும் சேர்ந்து படிக்கிறார்கள், ஆங்கிலமும் ஜப்பானியமும் இரண்டும் புழங்கும். ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி, பண்பாட்டுக்கான பிரிவு 1985 முதல் இருக்கிறது. ஹிரோஷிமா பல்கலைக்கழகம் ஜப்பானிய மொழிக் கல்விக்குப் பேர் போனது. இவை தவிர, ஆங்கிலத் துறை வைத்திருக்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் துணைப் பாடமாக ஆசிரியர் பயிற்சி உண்டு.

பெயரை விட ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நீங்கள் சேரும் வருடத்தில் அந்தப் பாடம் மேலே சொன்ன புதிய சட்டப்படி பதிவு பெற்றிருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். ‘ஆசிரியர் பயிற்சி உண்டு’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பதிவு பெற்றது என்று அர்த்தம் இல்லை.

தமிழ் தெரிஞ்சா ஜப்பானிய மொழி சுலபமாமே? ரெண்டும் ஒரே குடும்பமாமே?

முதல் பாதி பெருமளவு உண்மை. இரண்டாம் பாதி நிரூபிக்கப்படவில்லை. மொழியறிஞர் ஓனோ சுசுமு, தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று பல வருடங்கள் வாதாடினார். அவர் உழைப்பு பெரியது. ஆனால் மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வகுப்பில் இதை உண்மை என்று சொல்லிவிடாதீர்கள்.

ஒற்றுமை அமைப்பில் இருக்கிறது. ‘கினோ கத்தா ஹோன்’ என்றால் நேற்று வாங்கிய புத்தகம். வார்த்தை வரிசை மாறவே இல்லை, நம் பெயரெச்சம் அப்படியே. ‘தபேதே மிரு’ சாப்பிட்டுப் பார். ‘கைதே ஒக்கு’ எழுதி வை. ‘தபேதே ஷிமாவு’ சாப்பிட்டுவிடு. ‘தோ’ என்பது நம் ‘என்று’. ஆங்கிலம் வழியாக இவற்றைக் கற்கிறவர் தலைகீழாக நின்று புரிந்துகொள்ள வேண்டும், நமக்கு நேராகவே போகிறது. அதனால் நம் பிள்ளைகளுக்கு ஆங்கில விளக்கப் புத்தகம் வழியாக இலக்கணம் சொல்லித்தருவது சுற்றுவழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதன் பயன் வேறு இடத்தில் என்று மேலே எழுதிவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதீர்கள். ஜப்பானியத்தில் தங்கத்துக்கு ஒரு சொல், வெள்ளிக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கின்’ தான். நம் எழுத்தில் அந்த ஒலி வேறுபாடு தெரியாது. முதல் வாரமே ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்தான ஹிரகானாவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சின்னா என்னதான் செய்யச் சொல்வாங்க?

முதலில் பிறர் வகுப்பைப் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பது. அடுத்து பாடத்திட்டம் எழுதுவது. நிமிடக் கணக்கில் நான் என்ன சொல்வேன், மாணவர் என்ன சொல்லக்கூடும் என்று இரண்டு பக்கமும் எழுத வேண்டும். அப்புறம் சக மாணவர்களையே மாணவர்களாக வைத்து மாதிரி வகுப்பு, கடைசியில் உண்மையான மாணவர்கள் முன் வகுப்பு. முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து அலசுவோம். அந்த அலசல்தான் அதிகம் கற்றுத்தரும்.

எனக்குக் கிடைத்த பாடம் கொடுக்கல் வாங்கல் வினைகள். ‘அகெரு’, ‘குரெரு’ இரண்டுமே கொடுப்பதுதான். நான் பிறருக்குக் கொடுத்தால் அகெரு, பிறர் எனக்குக் கொடுத்தால் குரெரு. ஜப்பானிய நண்பர்கள் அம்புக்குறி போட்டு விளக்கினார்கள். எனக்கோ தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. தருதல் தன்மை, முன்னிலைக்கு உரியது, கொடுத்தல் படர்க்கைக்கு உரியது என்று அதில் வருகிறது. ‘எனக்குத் தா, அவனுக்குக் கொடு’ என்று நாம் இன்றும் சொல்கிறோமே. அதே திசை உணர்வு. அலசலின்போது இதைச் சொன்னேன். ஆசிரியர் என்னைப் பலகைக்கு வரச் சொல்லி, தமிழ் உதாரணத்தை எழுதச் சொன்னார். என் தாய்மொழி இந்த வேலைக்கு ஒரு கருவி என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அங்க சேர முதல்லயே எவ்வளவு ஜப்பானியம் தெரியணும்?

ஆசிரியர் பயிற்சிப் பாடங்கள் பெரும்பாலும் ஜப்பானியத்தில்தான் நடக்கும், ஆங்கில வழிப் படிப்பில் சேர்ந்தாலும் சரி. சேரும்போது என்2, இரண்டாம் வருடத்துக்குள் என்1 அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் இ.ஜே.யு. என்ற நுழைவுத் தேர்வைக் கேட்கும், அது ஜூனிலும் நவம்பரிலும் நடக்கிறது. கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். இங்கே பிளஸ் டூ முடித்து நேரே போக முடியாதவர்கள், ஜப்பானில் ஒரு மொழிப் பள்ளியில் ஓரிரு வருடம் படித்துவிட்டுச் சேர்கிறார்கள்.

என் பொண்ணை அனுப்பணும்னா எவ்வளவு செலவாகும்ங்க?

தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு வைத்திருக்கும் நிலையான கட்டணம் வருடத்துக்கு 5,35,800 யென், சேரும்போது ஒருமுறை 2,82,000 யென். சில இடங்களில் இதைவிடக் கூட்டியிருக்கிறார்கள். தனியாரில் பொதுவாக அதிகம். வாடகையும் சாப்பாடும் தனி. அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணி நேரம் வரை பார்ட் டைம் வேலை செய்யலாம், ஆனால் கட்டணத்துக்கு அதை நம்பி அனுப்பாதீர்கள். செய்முறைப் பயிற்சி நடக்கும் மாதங்களில் வேலைக்குப் போக நேரமே இருக்காது.

ஜப்பானியக் கல்வி அமைச்சின் இளங்கலை ஸ்காலர்ஷிப் கிடைத்தால் ஒரு வருட மொழிப் படிப்போடு ஐந்து வருடம், கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் உண்டு. இங்கேயே கல்லூரியில் ஜப்பானியம் படிப்பவர்களுக்கு ஒரு வருடம் அங்கே போய்ப் படிக்கும் தனித் திட்டமும் இருக்கிறது. நாலு வருடம் அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு நான் முதலில் அதைத்தான் சொல்வேன்.

இதோட இங்கிலீஷ் டீச்சர் லைசென்ஸும் சேர்த்து எடுக்கலாமா?

விதிப்படி எடுக்கலாம். ஆனால் அது 1949-ஆம் ஆண்டின் பள்ளி ஆசிரியர் உரிமச் சட்டத்தில் வருவது, முற்றிலும் வேறு பாடக்கட்டு. பள்ளிக்குப் போய்ச் செய்யும் பயிற்சியும் தனி. இரண்டையும் எடுத்த ஜப்பானியத் தோழிகள் எனக்கு உண்டு, மூன்றாம் வருடம் அவர்களைப் பார்க்கவே முடியவில்லை. மொழி இன்னும் முழுதாகக் கைவராத வெளிநாட்டு மாணவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா? உண்மையைச் சொல்லுங்க.

தேவை நிச்சயம் இருக்கிறது. 2033-க்குள் 4 லட்சம் வெளிநாட்டு மாணவர்களை வரவழைப்பது அரசின் இலக்கு. பொதுப் பள்ளிகளில் ஜப்பானிய மொழி உதவி தேவைப்படும் குழந்தைகள் 2023 கணக்கில் 69 ஆயிரத்துக்கும் மேல். வெளிநாடுகளில் கற்பவர்கள், அரசு சார்ந்த பண்பாட்டு நிறுவனமான ஜப்பான் ஃபவுண்டேஷனின் 2021 கணக்கெடுப்பில் சுமார் 38 லட்சம்.

ஆனால் தேவை இருப்பதும் நல்ல சம்பளம் இருப்பதும் ஒன்றல்ல. ஜப்பானுக்குள் இந்த மொழியைக் கற்பிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். மீதியில் பெரும்பாலோர் வகுப்புக் கணக்கில் கூலி வாங்கும் பகுதிநேர ஆசிரியர்கள். முழுநேர இடங்கள் குறைவு. புதிய தகுதி இதை மாற்றும் என்று நானும் நம்பிக் காத்திருக்கிறேன், அதை வைத்து யாரும் கடன் வாங்கிவிட வேண்டாம். ஆங்கிலத் துறைப் பட்டம் இங்கேதான் கைகொடுக்கும். மொழிபெயர்ப்பு, நிறுவனங்களில் வெளிநாட்டு ஊழியர் பிரிவு, பல்கலைக்கழக சர்வதேச அலுவலகம் என்று வழிகள் உண்டு. என்னோடு படித்தவர்களில் சிலர் வாரநாளில் அப்படி ஒரு வேலையும், சனிக்கிழமை ஊர் மொழி வகுப்பும் வைத்திருக்கிறார்கள்.

ஜப்பானியம் தாய்மொழியா இல்லாதவங்களை டீச்சரா யாரு எடுப்பாங்க, அக்கா?

ஜப்பானுக்குள் சில பள்ளிகள் இன்னும் தயங்குகின்றன, மறைக்க விரும்பவில்லை. உச்சரிப்பு வகுப்பை நமக்குத் தர யோசிப்பார்கள். ‘ஹஷி’ என்பதில் முதல் அசை உயர்ந்தால் சாப்பிடும் குச்சி, இரண்டாவது உயர்ந்தால் பாலம். இந்தச் சுர வேறுபாடு நமக்குத் தானாக வராது, பயிற்சி செய்துதான் வர வேண்டும். நான் தினமும் பாடப் பகுதியை வாசித்துப் பதிவு செய்து, ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டேன். இப்போதும் புதிய பாடம் எடுக்கும் முந்தைய இரவு அதைச் செய்கிறேன்.

ஜப்பானுக்கு வெளியே நிலைமை வேறு. அங்கே கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல ஜப்பானியத்தை வெளியிலிருந்து கற்றவர்கள்தான். இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதிலை இங்கே மறுபடி பாருங்கள். ஜப்பானிய மாணவர் நாலு வருடம் உழைத்துப் பெறும் அந்த வெளியாள் பார்வை நமக்கு முதல் நாளே இருக்கிறது. போன மாதம் என்னிடம் படிக்கும் ஒரு பையன் ‘குரெரு’ வருமிடத்தில் ‘அகெரு’ போட்டான். ‘தம்பி, எனக்குக் கொடு-ன்னு சொல்வியா, எனக்குத் தா-ன்னு சொல்வியா?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவனே அடித்துத் திருத்தினான்.